கடலுக்குத் தவணை தெரியாது

மீனவன் கையில் காசு தங்காது என்ற பேச்சைக் கடற்கரையில் கேட்பதைவிட ஊருக்குள் கேட்பதுதான் அதிகம். வங்கி மேலாளர் சொல்வார். கூட்டுறவுச் சங்கத்தைத் தணிக்கை செய்ய வருகிறவர் சொல்வார். நிவாரணப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற அதிகாரியும் சொல்வார். மீன்பாடு நன்றாக இருந்தால் உழவன் ஒரு மாதத்தில் பார்க்காத பணத்தை ஒரே நாளில் பார்க்கிறான், மறுவாரம் கடன் கேட்டு நிற்கிறான், அரசு கொடுக்கும் உதவியும் அதே வழியில் கரைந்துபோகிறது என்பது இந்தப் பேச்சின் சாரம். பார்த்த காட்சி பொய்யில்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. சென்னை மாகாணக் காலம் தொட்டு இன்றைய தடைக்கால நிவாரணம்வரை வந்த அரசு உதவிகளை வரிசையாகப் பார்த்தால், மீனவக் குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கையாண்ட விதத்தில் திடமான கணக்கு ஒன்று இருப்பது தெரியும். கணக்குப் பிசகியது பெரும்பாலும் கொடுத்த கையில்தான். நிலத்தையும் போகத்தையும் தவணையையும் மனத்தில் வைத்து உழவனுக்காக வகுத்த ஏற்பாடுகளை, இவை மூன்றும் இல்லாத ஒரு தொழிலின்மீது அரசு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறது.

அரசு மீனவருக்குச் செய்த முதல் பெரிய உதவி, அரசே உண்டாக்கிய ஒரு துன்பத்துக்கு மருந்தாக வந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது. விலை ஏற ஏற மீனை உப்பிட்டுக் காயவைப்பது கட்டுப்படியாகாமல் போயிற்று. ஐஸ் இல்லாத அந்தக் காலத்தில் விற்றது போக மிஞ்சிய மீனுக்குக் கருவாட்டை விட்டால் வேறு கதி கிடையாது. உவர்மண்ணைத் தடவிக் காயவைத்தார்கள். அதுவும் முடியாதபோது மீன் எருவாகப் போயிற்று. இந்திய மீன்வளத்தின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட அறிக்கை இந்த நிலைமையை எடுத்துச் சொன்னது. 1880களில் உப்பு இலாகாவின் மேற்பார்வையில் மீன் உப்பிடும் கொட்டில்கள் மாகாணத்தின் இரு கரைகளிலும் பரவின. 1888 முதல் 1903 வரை வெளியே மணங்குக்கு இரண்டரை ரூபாய் உப்புத் தீர்வை இருக்க, கொட்டிலுக்குள் தீர்வையில்லாத உப்பு கிடைத்தது. அதை வேலிக்கு வெளியே கொண்டுபோகத்தான் முடியாது. சலுகை உண்மையானதே. ஆனால் மீனை உப்பிட்டு, பல நாள் காயவைத்து, சந்தைக்கு அனுப்பி, காசு திரும்பும்வரை பொறுத்திருக்க முடிந்தவருக்கே அது முழுதாகப் பயன்பட்டது. அன்றன்று பிடித்ததை அன்றன்று விற்றுத்தான் அடுப்பு எரியவேண்டும் என்ற நிலையில் இருந்தவர், கொட்டிலின் வாசலிலேயே பச்சை மீனாக வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அரசின் சலுகை, காத்திருக்க வசதியுள்ளவனிடம் போய்ச் சேருகிற இந்த வழக்கம் அதன்பின் எல்லாத் திட்டங்களிலும் தொடர்ந்தது.

அடுத்து வருகிறவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இவர் பெயர் பழக்கமானது. உழவர்களுக்குக் கடன் வழங்க என்ன அமைப்பு வேண்டும் என்று ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தவர். ஜெர்மனியின் ரைஃபைசன் கிராம வங்கிகள்தான் நமக்கு வழி என்று முடிவு சொன்னவர். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்குப் பின்னால் இந்த அறிக்கையும் இருந்தது. அதே மனிதர்தான் 1905இல் மாகாணத்தின் மீன்பிடியை ஆராயும் பொறுப்பை ஏற்று, 1907இல் தொடங்கிய மீன்வளத் துறைக்குக் கௌரவத் தலைவராகவும் ஆனார். ஒரே தலைக்குள் உழவரின் வங்கியும் மீனவரின் வலையும் சேர்ந்த இந்தத் தற்செயலுக்கு விளைவு பெரிது. நிக்கல்சனைக் குறைசொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. பெரிய நீராவிப் படகுகளை இறக்கி ஒரே தாவலில் முன்னேறலாம் என்றவர்களிடையே, இருக்கிற கட்டுமரங்களையும் வலைகளையும் படிப்படியாகத் திருத்தினால் போதும் என்ற நிதானம் அவருக்கு இருந்தது. பின்னால் வந்த பல நிபுணர்களுக்கு அது இல்லை. பணம் என்று வந்தபோதுதான் அவரிடமிருந்த மருந்து உழவருக்கு எழுதியதே: சிக்கனம், சேமிப்பு, பரஸ்பர ஜாமீனில் சங்கக் கடன். நெல் போட்டவன் எப்போது அடைப்பான் என்பது நடவின்போதே ஏறக்குறையத் தெரியும். வலை போட்டவன் எப்போது அடைப்பான் என்பது வலை ஏறும்வரை தெரியாது. கடனைச் சிறு தொகைகளாகப் பிரித்துத் தேதி குறித்து வாங்குகிற எந்த ஏற்பாடும் இந்த வித்தியாசத்தில்தான் இடறும்.

கரையில் பணம் எப்படிப் புரள்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். ஃபைபர் படகு மணலேறியதும் மீனைக் கொட்டிக் குவிக்கிறார்கள். ஏலக்காரர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்க, சுற்றி நிற்கும் வியாபாரிகளும் கூடைக்காரப் பெண்களும் கேட்கிறார்கள். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ரொக்கம் உடனே கைமாறுவது எப்போதும் நடப்பதில்லை, சிட்டையில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தொகையில் முதலில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியும். ஏலக் கமிஷன் கழியும். ஊருக்கோ கோவிலுக்கோ உரிய பங்கு கழியும். தென்கோடிக் கிறிஸ்தவ ஊர்களில் இதற்குக் குத்தகை என்று பெயர். சில ஊர்களில் துவி எனப்படும் சுறாத் துடுப்புகூட அதில் அடங்கும். மீதியில் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பகுதி போக, எஞ்சியதைக் கடலுக்குப் போனவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதில் சம்பளம் என்ற ஒன்று எங்கும் இல்லை. ஒன்றும் படாத நாளில் எல்லாருக்கும் பங்கு பூஜ்யம், செலவு மட்டும் அடுத்த நாள் கணக்குக்குப் போகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடை அடிக்கும்போது நாள்கணக்கில் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். அதே தொழிலில் ஒரே இழுப்பில் வலைநிறைய இறால் விழுந்து ஆறுமாதக் கடன் தீர்ந்ததும் உண்டு. மாதச் சராசரி வருமானம் என்று ஒன்றைக் கணக்குப் போட்டுக் கோப்பில் எழுதலாம். அந்தச் சராசரி எந்த மாதத்திலும் வீட்டுக்கு வராது.

இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கத்தான் முன்பணம் இருக்கிறது. வியாபாரி படகுக்காரருக்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவைக்கிறார். அதற்குத் திருப்பும் தேதி கிடையாது. வட்டி என்று பேச்சும் பெரும்பாலும் கிடையாது. மீன் அவர் வழியாகத்தான் போகவேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வோர் ஏலத்திலும் ஒரு விகிதத்தை அவர் எடுத்துக்கொள்வார், அல்லது சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே மீனை எடுத்துக்கொள்வார். அசல் அப்படியே நிற்கும். அசல் நிற்கும்வரை உறவும் நிற்கும்: வலை பாறையில் சிக்கிக் கிழிந்தால், வீட்டில் சாவு விழுந்தால், பெண்ணுக்குக் கல்யாணம் வந்தால் கேட்கிற இடம் அதுதான். நல்ல பாடு கிடைத்த ஆண்டில்கூடப் படகுக்காரர் இந்த அசலை அடைக்க அவசரப்படாமல் புதுவலை எடுப்பதும் நகை வாங்குவதும் இதனால்தான். அடைத்துவிட்டால் அடுத்த மோசமான மாதத்தில் யாரிடம் போவது? வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது தீராத கடன். உள்ளே இருப்பவருக்கு மாதக்கணக்கில் கட்டிவரும் காப்பீடு. நகையும் அப்படித்தான். அழகுக்கு என்பதைக் காட்டிலும், இரவோடு இரவாக அடகுக்கடையில் காசாக்க முடிகிற ஒரே சொத்து என்பதற்காகத்தான் மீனவர் வீட்டுக்குத் தங்கம் வருகிறது. ஆண்டில் இரண்டு மூன்று தடவை அது கடைக்குப் போய்த் திரும்பும்.

வியாபாரியின் சுரண்டலுக்கு வக்காலத்து வாங்குவதாக இதைப் படிக்கலாம். சுரண்டல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே வியாபாரி மட்டும் வருகிற சிறிய ஊர்களில் ஏலம் வெறும் சடங்காகிவிடும். பத்தாண்டு கணக்கில் கூட்டிப் பார்த்தால் கமிஷனாகப் போன தொகை அசலைப்போல் பல மடங்கு இருக்கும். விசைப்படகுகளில் இது இன்னும் கடுமையானது. படகு உரிமையாளர் தொழிலாளிக்கு அட்வான்ஸ் கொடுத்துவைக்கிறார். அதை அடைக்காமல் இன்னொரு படகுக்கு அவர் போக முடியாது. கடன் இங்கே உழைப்பின் காலில் கட்டிய கயிறாகிறது. ஆகவே முன்பணம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் சிரமமில்லை, கெட்டதுதான். ஆனால் மீனவர்கள் எதிர்கொண்ட கேள்வி வேறு. வருமானமே இல்லாத மாதத்தில், இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் கொடுக்கிற இன்னொருவர் இருக்கிறாரா? அரசின் எந்தத் திட்டமும் இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்னதில்லை.

ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் நடந்தது இதற்குச் சான்று. 1950களின் நடுவிலிருந்து அரசு விசைப்படகுகளை மானியத்தோடு, தவணைக் கடனாக, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக மீனவக் குழுக்களுக்குக் கொடுத்தது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்தப் படகுகள் சிலரைப் பணக்காரராக்கின. குழுவின் பெயரில் வந்த படகு கொஞ்ச காலத்தில் ஒருவர் கைக்குப் போவதும், ஒருவர் இன்னொருவர் பெயரில் படகு எடுப்பதும் சாதாரணமாயின. தவணைகள் நின்றன, நிலுவை பெருகியது. மீனவர் கடனைத் திருப்பமாட்டார் என்ற முத்திரை வங்கிகளில் விழுந்தது அப்போதுதான். மீனவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். வியாபாரியின் கடனைச் சரியாக நடத்தினால் நாளைக்கு இன்னொரு கடன் உண்டு. அரசுக் கடனை ஒழுங்காக அடைத்தவனுக்கு அடுத்த கடன் கிடைக்கும் என்ற உறுதி இல்லை; அடைக்காதவனுக்கோ தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கை இருந்தது. 1990இல் பத்தாயிரம் ரூபாய்வரையிலான ஊரகக் கடன்களை மத்திய அரசு தள்ளுபடி செய்தபோது அந்த நம்பிக்கை வீண்போகவும் இல்லை. கையில் காசு வந்தால் முதலில் வியாபாரி, பிறகு ஊர் வரி, பிறகு அடகுக்கடை, கடைசியில் அரசு என்று ஒரு வரிசை உருவானது இப்படித்தான். நாளைக்கு யார் தேவைப்படுவார் என்று நிறுத்துப் பார்த்து வந்த வரிசை அது. ஒழுக்கக் கேடு என்று அதைச் சொன்னவர்கள் தங்கள் இடம் ஏன் கடைசியில் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

திருப்பித் தருகிற குணமே இந்தச் சமூகத்துக்குக் கிடையாது என்ற வாதத்துக்குப் பதில் திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் கிடைக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் அறுபதுகளின் இறுதியில் மீனவர் தாங்களே கூடி மீனை ஏலம் விடத் தொடங்கினார்கள். அந்த வழியில் கொல்லம், திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் ஊர்ச் சங்கங்கள் பெருகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. இவர்களுடைய புதுமை எந்தப் பொருளாதார நூலிலிருந்தும் வந்ததல்ல, வியாபாரியிடம் கற்றுக்கொண்டது. உறுப்பினர் தன் மீனைச் சங்கத்தின் ஏலத்தில்தான் விற்க வேண்டும். அன்றைய விற்பனையில் ஒரு விகிதம் கடனுக்கும், இன்னொரு சிறு விகிதம் அவர் பெயரில் சேமிப்புக்கும் பிடிக்கப்படும். மீன் பட்டால் கடன் குறையும். படாவிட்டால் அன்று யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். மாதம் இத்தனை என்று கேட்டபோது கட்டாத அதே ஆட்கள், நூற்றுக்கு இத்தனை என்று கேட்டபோது கட்டினார்கள். நிலுவை அறவே இல்லாமல் போய்விட்டது என்றில்லை. சங்கத்துக்குத் தெரியாமல் வேறு கரையில் மீன் இறக்கியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் தேதியிலிருந்து விகிதத்துக்கு மாறிய அந்த ஒரு மாற்றம் செய்த வேலையை, எத்தனையோ ஆண்டுச் சிக்கனப் பிரசங்கம் செய்யவில்லை.

சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் என்ற பெயரில் 1990களின் தொடக்கத்தில் மத்திய அரசு கொண்டுவந்தது, அரசு யோசனைகளில் கடலின் ஓட்டத்துக்கு ஓரளவு நெருங்கி வந்த ஒன்று. வருமானமுள்ள மாதங்களில் மீனவர் கொஞ்சம் கட்டுவார். மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு அதே அளவு போடும். மூன்றும் சேர்ந்து மீன் குறைந்த மாதங்களில் திரும்பி வரும். தமிழ்நாட்டில் இப்போது அது எட்டு மாதம் 170 ரூபாய், ஒன்பதாவது மாதம் 140 ரூபாய், ஆக 1,500, கிடைப்பது 4,500. மீனவப் பெண்களுக்கு இதே கணக்கில் தனித் திட்டத்தை மாநில அரசு நடத்துகிறது. ஒரே ஆண்டில் மும்மடங்காகிற பணத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் இதனால் சேமிக்கும் பழக்கம் வளர்ந்தது என்று அறிக்கையில் எழுதுவதில்தான் இடிக்கிறது. குடும்பங்கள் இதை நுழைவுக் கட்டணமாகத்தான் பார்த்தன. 1,500 கட்டினால் அதற்கு மேல் 3,000 வரும், அவ்வளவுதான். அந்த 3,000 குறித்த மாதத்தில் வந்தால் அரிசிக் கடைக் கடன் குறையும். அடுத்த ஆண்டில் வந்தால் அதற்குள் அந்த இடத்தை வியாபாரி நிரப்பியிருப்பார். தொகை வந்து சேரவில்லை என்ற முறையீடு கடலோர மாவட்டங்களின் குறைதீர் கூட்டங்களில் பழகிப்போன ஒன்று. இதில் இன்னொரு விளைவும் உண்டு. இந்த உதவியைப் பெற மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கவேண்டும். கடனுக்காகவும் விற்பனைக்காகவும் பிறந்த சங்கங்கள் பல ஊர்களில் நிவாரணப் பட்டியலைக் காக்கும் அலுவலகங்களாகச் சுருங்கிவிட்டன. நிக்கல்சன் பார்த்தால் வருந்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த பணம் அதுவரை கரை பார்த்திராதது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். அரசும் தொண்டு நிறுவனங்களும் கொண்டுவந்து கொட்டியதைச் சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் வாங்கிப் பொதுவில் வைத்து, வரி கட்டுகிற எல்லாருக்கும் சமமாகப் பிரித்தன. படகு இழந்தவனுக்கும் இழக்காதவனுக்கும் ஒரே பங்கா என்று வெளியூர் நிறுவனங்கள் திகைத்தன. தேவை அறிந்து கொடுப்பது என்ற நிவாரண நெறிக்கு இது நேர் எதிரானது. ஆனால் ஒன்றாகக் கடலில் இறங்கி ஒன்றாகப் பங்கு பிரிக்கிற ஊரில், ஒருவனுக்கு மட்டும் வந்த படகு அடுத்த இருபது ஆண்டுப் பகையாக மாறும் என்பது பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார்களுக்குத் தெரியும். இந்தச் சமத்துவத்தின் ஓட்டையையும் சொல்லவேண்டும். வரி என்பது மணமான ஆணின் பெயரில் விழுவது. கணவனை இழந்தவளுக்குச் சில ஊர்களில் அரைப்பங்கு, சில ஊர்களில் ஒன்றுமில்லை. கடலுக்குப் போகாமல் கரையில் கூலிவேலை செய்த தலித் குடும்பங்கள் பட்டியலுக்கே வரவில்லை. படகுகளோ தேவைக்கு மேல் வந்தன. கூலியாகப் போன பலர் சொந்தக்காரரானார்கள். பிறகு படகில் ஏற ஆள் கிடைக்காத நிலை வந்தது. புதுப் படகுக்கு எஞ்சின் எண்ணெயும் வலையும் வேண்டுமே, அதற்கு யாரிடம் போனார்கள்? இலவசமாக வந்த படகே புதிய முன்பணத்துக்கு வழி திறந்தது.

குடியைப் பற்றிப் பேசாமல் மழுப்ப முடியாது. பங்கு பிரித்த நாளில் டாஸ்மாக் கடைக்குப் போகிற பணம் கணிசமானது; அதன் பாரத்தைச் சுமக்கிற பெண்கள்தான் இதை முதலில் சொல்கிறவர்கள். நிவாரணம் குடும்பத் தலைவர் கணக்கில் விழும்போது ஒரு பகுதி அந்த வழியில் போவதும் நடக்கிறது. ஆனால் கடனுக்குக் காரணம் குடி என்று முடித்துவிட்டால், குடிக்காத பெண்களின் கடன் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கிடைக்காது. தலையில் கூடை சுமந்து மீன் விற்கிற பெண்ணுக்கு விடியற்காலையில் ஏலத்தில் நிற்க ரொக்கம் வேண்டும். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதி ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். நூறு நாளைக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் வாங்குவார். ஆண்டு வட்டியாக மாற்றினால் தலை சுற்றும். 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் தண்டல் ஓயவில்லை. மகளிர் குழுக் கடன் இதைவிடப் பல மடங்கு மலிவு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். குழுவிலும் அவர் இருப்பார். ஆனால் குழுவின் தவணை மாதத்தில் ஒருநாள் மொத்தமாக வரும், தண்டல்காரரோ அன்றைய கூடை காலியான மாலையில் வருவார். தினமும் சில்லறையாகக் கையில் புரளும் காசை மாதக் கடைசிவரை யாரும் தொடாமல் வைத்திருப்பது எந்த வீட்டிலும் கடினம்.

2001 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை வந்தது. 2017இல் அது ஜூன் 14வரை 61 நாளாக நீண்டது. மீன் இனப்பெருக்கத்துக்கு இடம்விடும் இந்த ஏற்பாட்டின் நோக்கத்தை மீனவர்களில் பலரே ஏற்கிறார்கள். அதற்கான நிவாரணம் 2,000 ரூபாயாக இருந்து, 5,000 ஆகி, 2024இல் 8,000 ஆனது. மழைக்காலத்துக்கான மீன்பிடி குறைந்தகாலச் சிறப்புத் தொகை 4,000இலிருந்து படிப்படியாக 6,000க்கு வந்தது. உதவி மனிதரைச் சோம்பேறியாக்குகிறது என்ற வாதம் இங்கேதான் அதிகம் கேட்கும். அரசே கடலை மூடிவிட்டுக் கொடுப்பதை இலவசம் என்று சொல்வது முதலில் பொருந்தாது. தொகையோ நாளுக்கு 130 ரூபாய்க்குச் சற்று மேல். அந்த இரண்டு மாதத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் பலர் கேரளக் கரைக்குப் போகிறார்கள், அங்கே தடை பின்னால்தான் தொடங்கும். சிலர் கட்டட வேலைக்கு, சிலர் உள்ளூர் ஃபைபர் படகுகளுக்கு. சும்மா இருந்து நிவாரணத்தில் சாப்பிட்டவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பது சிரமம். சலுகையின் அளவைப் பேசுவதாக இருந்தால், விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர்வரை வரிவிலக்கு டீசல் பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்ததையும் சேர்த்துப் பேசவேண்டும். அதைப் பெறுகிற உரிமையாளரைச் சோம்பேறி என்று எந்த அதிகாரியும் சொல்லிக் கேட்டதில்லை.

தடைக்காலத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வர்ணம் அடித்து, எஞ்சினைப் பிரித்து, வலையைப் புதுப்பிக்கிற காலமும் அதுவே. உரிமையாளருக்கு லட்சக்கணக்கில் செலவு வருவது வருமானம் பூஜ்யமாக இருக்கும் அந்த 61 நாளில்தான். தொழிலாளியின் வீட்டிலோ ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. கட்டணமும் சீருடையும் நோட்டும் கடல் திறப்பதற்கு முன்பே வந்து நிற்கும். ஆகவே ஏற்றுமதிக் கம்பெனிக்கு மீன் கொடுக்கிற வியாபாரி உரிமையாளருக்கும், உரிமையாளர் தொழிலாளிக்கும் முன்பணம் கொடுத்து அடுத்த பருவத்தைக் கட்டிப்போடுகிற மாதங்கள் மேயும் ஜூனும். மீனைக் காக்க வந்த விதி, கடனுக்கு ஆண்டுதோறும் ஒரு பருவத்தை உண்டாக்கிவிட்டது. இந்தப் பின்னணியில் 8,000 ரூபாயைக் குடும்பங்கள் செலவழிக்கும் முறை தெளிவானது: பெரிய கடனை அது அசைக்காது என்பதால் அதை அங்கே போடுவதில்லை. பலசரக்குக் கடை, அடகு வட்டி, பள்ளிக் கட்டணம் என்று நாளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டிய இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

2010ஆம் ஆண்டின் கடல் மீனவர் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 573 மீனவ ஊர்களில் 1,92,697 குடும்பங்கள் இருந்தன. இத்தனை குடும்பங்களுக்கும் தொகையை இன்னும் கூட்டுவது நிதிநிலையைப் பொறுத்தது. தொகையை விடாமல் குறித்த வாரத்தில் சேர்ப்பதும், கடனை ஏலத் தொகையின் விகிதமாகப் பிடிப்பதும் பெரும்பாலும் நிர்வாகத்தைப் பொறுத்தவை. இரண்டாவது வழிக்கு முன்மாதிரி குமரிக் கரையிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. மத்திய அரசு 2018-19இல் மீனவருக்கென்று நீட்டித்ததோ உழவர்களுக்கான கிசான் கடன் அட்டையை. வட்டி குறைவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலத்தே கட்டினால் வட்டியில் மேலும் தள்ளுபடி. ஆனால் அந்தத் தள்ளுபடி கிடைப்பது வங்கி குறித்த தேதியில் கட்டியவருக்கு. அன்றாட ஏலத்தில் நூற்றுக்கு இத்தனை என்று பிடித்துக்கொள்ளவும், மீன் படாத மாதத்தில் தானாகவே பொறுத்துக்கொள்ளவும் அந்த அட்டையில் வழி வைக்கப்படவில்லை.